ஏழு கிட்டார்களுக்கு ஓர் அலமாரி: மதுரை வீடொன்றில் செய்த மரவேலை பற்றிய நிகழ்வு ஆய்வு

மதுரை திருநகரில் உள்ள ஒரு வீட்டில், மெல்லிசைக் குழுக்களில் நெடுங்காலம் கிட்டார் வாசித்து ஓய்வுபெற்ற ஒருவருடைய ஏழு கிட்டார்களை வைப்பதற்காக, தச்சரை வீட்டுக்கே வரவழைத்துச் செய்த மர அலமாரியைப் பற்றியது இந்த ஆய்வு. வரைபடம் என்னுடையது, மரவேலை, மரச்சாமான் செய்வதில் பழுத்த அனுபவமுள்ள ஒரு தச்சருடையது, எது எங்கே நிற்க வேண்டும் என்ற கடைசிச் சொல் உரிமையாளருடையது. சேகரிப்பில் இருந்தவை: பெரிய உடலுள்ள ட்ரெட்நாட் வடிவ ஆறு தந்தி அக்கூஸ்டிக் ஒன்று, பன்னிரண்டு தந்தி கிட்டார் ஒன்று, நைலான் தந்தி கிளாசிக்கல் கிட்டார் ஒன்று, மடியில் கிடத்தி வாசிக்கும் பழைய ஹவாயன் கிட்டார் ஒன்று, ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்திலும் லெஸ் பால் வடிவத்திலும் எலெக்ட்ரிக் கிட்டார்கள் இரண்டு, பாஸ் கிட்டார் ஒன்று. இவை அதுவரை பீரோவின் மேலும், கட்டிலுக்கடியிலும், சுவரில் அடித்த ஆணியிலுமாகக் கிடந்தன.

அலமாரி வேண்டும் என்ற எண்ணம் இடப்பற்றாக்குறையால் வரவில்லை. ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகையில் நைலான் தந்தி கிட்டாரின் மேற்பலகை சற்றே உப்பி, தந்திகள் விரல்பலகையிலிருந்து உயர்ந்துகொள்ளும். சித்திரை, வைகாசியில் அதே பலகை அமுங்கிவிடும், விரல்பலகையின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளின் முனைகள் கழுத்தின் ஓரத்தில் கையைக் கீறும் அளவுக்கு நீட்டிக்கொள்ளும். ஃப்ரெட் கம்பி வளர்வதில்லை. அதைத் தாங்கும் விரல்பலகைதான் அகலவாக்கில் சுருங்குகிறது. மரம் நார்ப்போக்கில் நீள்வதும் குறைவதும் மிகச் சொற்பம். நாருக்குக் குறுக்கேதான் அது காற்றின் ஈரத்தை வாங்கி விரிகிறது, இழந்து சுருங்குகிறது. அக்கூஸ்டிக் கிட்டாரின் மேற்பலகை பெரும்பாலும் 3 மி.மீ.க்கும் குறைவான கனமுள்ள ஸ்ப்ரூஸ் மரம். சாதாரண எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து அதை ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமான விசையோடு எந்நேரமும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. இத்தகைய பலகைக்கு ஈரம் ஏறி இறங்குவது சின்ன விஷயமல்ல.

கிட்டார் செய்பவர்கள் பொதுவாகச் சொல்லும் ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பத்தில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்ற அளவு) 45 முதல் 55 விழுக்காடு வரை. மதுரையின் காற்று அந்த அளவில் நிற்பது ஆண்டில் சில வாரங்கள்தான். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாட்கணக்கில் ஈரம் இறங்குவதே இல்லை. ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் வெயில் 40 பாகையைத் தொடும்போது காற்று வறண்டுபோகிறது. இதோடு இரவில் ஏ.சி. ஓடுவதும் காலையில் அதை அணைத்து ஜன்னலைத் திறப்பதும் சேர்ந்துகொண்டால், ஆண்டு முழுவதற்கும் உரிய ஏற்ற இறக்கத்தின் ஒரு பகுதியை மரம் ஒரே நாளில் சந்திக்க நேர்கிறது. என் கணிப்பில் இந்த வீட்டில் கிட்டார்களைக் கெடுத்தது ஈரமோ வறட்சியோ அல்ல, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வேகமே. ஆகவே மாற்றத்தைத் தாமதப்படுத்தும் பெட்டியாக அலமாரியை அமைப்பது என்றும், மின்சாரத்தால் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் யோசனையைத் தள்ளிவைப்பது என்றும் முடிவு செய்தோம்.

உரிமையாளர் முதலில் கேட்டது, உள்ளே ஒரு சிறிய குண்டு பல்பு. ஹார்மோனியப் பெட்டியையும் கேமராவையும் அப்படிப் பாதுகாத்தவர்கள் உண்டு, கணக்கும் அதற்குச் சாதகமாகத்தான் இருக்கிறது: 28 பாகையில் 75 விழுக்காடாக உள்ள காற்றை, அதில் உள்ள நீரைக் குறைக்காமலே 32 பாகைக்குச் சூடாக்கினால் ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் பல்பின் சூடு அலமாரி முழுவதும் ஒரே சீராகப் பரவாது; அருகில் உள்ள கிட்டார் காயும், மூலையில் உள்ளது நனைந்தபடியே இருக்கும். மின்சாரம் போனால் உள்ளே குளிர்ந்து, ஈரம் பழையபடி ஏறும். மூடிய மரப்பெட்டிக்குள் ஆளில்லாத நேரத்திலும் எரியும் பல்பை நான் எந்த வீட்டுக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இடம்

வீட்டின் மேற்குச் சுவர் மாலை வெயிலை முழுதும் வாங்குவது, வடக்குச் சுவர் மழைக்காலத்தில் ஓதம் காப்பது. இரண்டையும் விலக்கி, இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள உட்சுவரைத் தேர்ந்தோம். சுவருக்கும் அலமாரியின் முதுகுக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி விட்டு, தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில், கருங்கல் துண்டுகளின் மேல் நிறுத்தினோம். கரையான் கல்லைத் துளைக்காது. ஏற வேண்டுமானால் கல்லின் மேல் மண்குழாய் கட்டித்தான் ஏறவேண்டும், அது பெருக்குகிறவர் கண்ணில் பட்டுவிடும். அலமாரியைச் சுவரோடு ஆணி அடித்துப் பொருத்துவது நம் வீடுகளில் வழக்கம் என்றாலும், கரையானுக்கு மறைவான பாதையை நாமே போட்டுக் கொடுப்பதாகும் என்பதால் அதைச் செய்யவில்லை. காலியாகவே ஏறத்தாழ 80 கிலோ எடையுள்ள பெட்டி. ஆழமும் போதிய அளவு உண்டு, சாயாது.

அளவு

கிட்டார்களைச் சுவரைப் பார்த்தபடி தட்டையாக மாட்டினால் ட்ரெட்நாட் ஒன்றுக்கே 40 செ.மீ. அகலம் வேண்டும், ஏழுக்கும் ஒரு சுவரே போதாது. பக்கவாட்டில் நிறுத்தி அடுக்கினால் அதே கிட்டாருக்கு 13 செ.மீ. போதும். எனவே ஆழத்தை 50 செ.மீ. என்று வைத்துக்கொண்டு, புத்தகங்களைப் போல் வரிசையாக நிறுத்தும் முறையை எடுத்துக்கொண்டோம். உயரத்தை முடிவு செய்தது பாஸ் கிட்டார்; அதன் முழு நீளம் 118 செ.மீ.

இங்கே ப்ளைவுட் பலகையின் அளவும் கணக்கில் வந்தது. 8 அடிக்கு 4 அடிப் பலகை என்பது 244 செ.மீ.க்கு 122 செ.மீ. பக்கப் பலகையின் உயரத்தை 132 என்றும் உள் அகலத்தை 110 என்றும் வைத்தால், 50 செ.மீ. அகலமுள்ள ஒரே கீற்றில் ஒரு பக்கப் பலகையும் ஒரு மேற்பலகையும் சேர்ந்து 242 செ.மீ.யில் அடங்கிவிடுகின்றன, ரம்பம் தின்னும் இடமும் போய், அப்படிப்பட்ட இரண்டு கீற்றுகள் ஒரே பலகையில் கிடைக்கின்றன. மிஞ்சும் 22 செ.மீ. கீற்று அடிப்பீடத்துக்கு ஆனது. தச்சர் முதலில் சொன்ன உயரம் நாலரை அடி. அந்த ஐந்து செ.மீ. ஆசைக்கு இன்னொரு முழுப் பலகை வாங்கவேண்டியிருக்கும். இரண்டாம் பலகையிலிருந்து 57 செ.மீ. அகலக் கதவுகள் இரண்டும், மூன்றாவதாக வாங்கிய 12 மி.மீ. பலகையிலிருந்து முதுகும் தடுப்புகளும் கிடைத்தன.

அறைகளின் அகலம் ஒன்றுபோல இல்லை. அக்கூஸ்டிக் மூன்றுக்கும் பதினாறரை செ.மீ. வீதம், ஹவாயன் கிட்டாருக்கு 15, எலெக்ட்ரிக் இரண்டுக்கும் பாஸுக்கும் 12 வீதம். லெஸ் பால் வடிவக் கிட்டாரின் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் அதன் முனை கழுத்தின் மட்டத்திலிருந்து ஐந்து, ஆறு செ.மீ. தள்ளி நிற்கும். இந்த வகைக் கிட்டார் கீழே விழுந்தால் முதலில் உடையும் இடமும் அதுதான். அதனால் தடுப்புகளை உடலின் உயரத்தோடு நிறுத்திவிட்டு, அந்தக் கிட்டாரின் முதுகு ஹவாயன் கிட்டாரின் அகலமான அறையை நோக்கும்படி வைத்தோம். சாய்ந்த தலைக்கு அங்கே மேலே காலியிடம் இருக்கிறது.

பலகையும் உட்பூச்சும்

மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை மலிவு, ஆனால் ஈரம் பட்டால் ஊதும், திருகாணி பிடி விடும் என்பதால் அது பேச்சிலேயே நின்றது. ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் ப்ளைவுட், 19 மி.மீ. கனத்தில் வாங்கினோம். தண்ணீரில் நனையப் போகாத அலமாரிக்கு மரைன் எதற்கு என்று கடையில் கேட்டார்கள். அதில் பயன்படும் ஃபீனாலிக் பசையிலிருந்து, மலிவான வகைகளில் உள்ள யூரியா பசையைக் காட்டிலும் ஃபார்மால்டிஹைடு வாடை குறைவாகவே வெளிவரும் என்பதுதான் காரணம். மூடிய பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் இருக்கப் போகும் தந்திகளுக்கும் அவற்றை முறுக்கும் உலோகச் சாவிகளுக்கும் அது முக்கியம்.

வேலையில் உண்மையான கருத்து வேறுபாடு எழுந்தது உட்புறத்தைப் பற்றித்தான். வெளியே மைக்கா ஒட்டியாயிற்று. உள்ளேயும் வெள்ளை மைக்கா ஒட்டுவது என்று தச்சர் அளவெடுக்கத் தொடங்கினார். வேண்டாம், பூச்சில்லாத வெறும் மரமாக விடுங்கள் என்றதும், “தம்பி, உள்ளே மைக்கா ஒட்டலைன்னா பார்க்கிறவங்க வேலையை அரைகுறையா விட்டுட்டுப் போயிட்டான்னு என்னைத்தான் சொல்லுவாங்க” என்றார். அவர் தொழில் மானம் அவருக்கு. “அண்ணே, உள்ளே இருக்கிற ஈரத்தைக் குடிக்க வேற மரம் இல்லைன்னா கிட்டார்தான் குடிக்கும்” என்று சொல்லி, கணக்கை ப்ளைவுட் துண்டு ஒன்றின் மேலேயே பென்சிலால் போட்டுக் காட்டினேன்.

கணக்கு இதுதான். அலமாரியின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 0.7 கன மீட்டர். 30 பாகை வெப்பத்தில், 50 விழுக்காடு ஈரப்பதத்தில், அந்தக் காற்று முழுவதிலும் உள்ள நீராவி 10 கிராம் அளவே. ஈரப்பதம் 75க்கு ஏற, வெளியிலிருந்து இன்னும் ஐந்து கிராம் நீர் உள்ளே வந்தால் போதும், ஒரு தேக்கரண்டி. மைக்கா ஒட்டிய பெட்டியில் அந்த ஐந்து கிராமும் காற்றிலேயே நிற்கும், அல்லது கிட்டார்களின் பூசப்படாத உட்புறத்தில் போய்ச் சேரும். மாறாக, பக்கங்களிலும் முதுகிலும் 8 மி.மீ. கனத்தில் பூச்சில்லாத மரப்பலகை பரப்பினால் அதன் எடை சுமார் 15 கிலோ வரும். சாதாரண வெப்பநிலையில், 50 விழுக்காடு காற்றில் மரம் தன் எடையில் சுமார் 9 விழுக்காடு நீரை வைத்துக்கொள்கிறது. 75 விழுக்காட்டில் அது 14க்கு அருகே போகிறது. அப்படியானால் அந்த 15 கிலோ மரம் 50லிருந்து 75க்குப் போவதற்குள் 700 கிராமுக்கும் மேல் நீரைக் குடித்தாக வேண்டும். ஐந்து கிராமுக்கும் எழுநூறு கிராமுக்கும் உள்ள இந்த வேறுபாடுதான் இந்த அலமாரியின் முழு வடிவமைப்பும். கதவிடுக்கில் கசியும் ஈரம் அந்த அளவைச் சேர்க்க நாட்கள் அல்ல, வாரங்கள் ஆகும். அதற்குள் மழை விட்டு வெயில் வந்துவிடும்.

உட்பலகைக்கு எந்த மரம் என்பதில் மறுபேச்சு இல்லை. தேக்கு எண்ணெய்ப் பசை உள்ளது, ஈரத்தை வாங்க அது மெத்தனம் காட்டும், விலையும் அதிகம். சுருட்டுப் பெட்டிகளில் உட்பலகையாகப் புகழ்பெற்ற ஸ்பானிஷ் சிடார் மரமும் நம் ஊர் வேம்பும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வேம்பின் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பதை நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடித்த வீட்டு மரம் விற்கும் கடையில் கிடைத்த பழைய வேப்பஞ்சட்டங்களை அறுத்து இழைத்துப் பலகையாக்கினோம். பழைய மரம் என்பதால் புதிதாக முறுக்கிக்கொள்ளும் அச்சம் இல்லை. இழைத்த பலகைகளை அந்த அறையிலேயே தை, மாசி மாதங்களில் காற்றாட அடுக்கி வைத்து, மதுரையின் நடுத்தர ஈரத்துக்குப் பழக்கிய பிறகே உள்ளே பொருத்தினோம். கார்த்திகை மழையில் நனைந்த மரத்தைப் பொருத்தியிருந்தால் அது கோடை வரை ஈரத்தைக் கக்கிக்கொண்டே இருந்திருக்கும்.

பலகைகளைப் பெவிகால் போட்டு ஒட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு மி.மீ. சந்து விட்டு, திருகாணித் துளைகளைச் சற்று நீள்வாக்கில் குடைந்து, விரிந்து சுருங்க இடம் கொடுத்தோம். வேம்புக்கும் ப்ளைவுட்டுக்கும் நடுவே சமையலறையில் பயன்படும் அலுமினியத் தாளை விரித்தோம். அது ப்ளைவுட்டின் பசை வாடையையும் வெளியீரத்தையும் ஒருங்கே தடுக்கிறது. முதுகுப் பலகையின் வெளிப்புறத்துக்கும் இரண்டு கை எனாமல் பெயிண்ட் அடித்தோம். நம் ஊர் மரவேலையில் கண்ணுக்குத் தெரியாத முதுகைப் பச்சையாக விட்டுவிடுவது வழக்கம். ஆனால் சுவரின் ஓதம் முதலில் பார்ப்பது அந்த முதுகைத்தான்.

கதவு

ஏழு கிட்டார்களும் வெளியே தெரியும்படி முழுக் கண்ணாடிக் கதவு வேண்டும் என்பது உரிமையாளரின் ஆசை. ஐந்து மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரை கிலோ. கதவொன்றுக்குக் கண்ணாடி மட்டுமே 9 கிலோவைத் தாண்டும். அந்த எடையில் கீல்கள் நாளடைவில் இறங்கும், இறங்கினால் கதவின் ரப்பர் ஒரு மூலையில் விலகும். கடைசியில் கதவுக்கு ஒன்றாக, ஒரு சாண் அகலத்துக்கும் குறைவான நெடுங்கண்ணாடி வைத்துச் சமாதானமானோம். எந்தக் கிட்டார் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பது என்பதில் வீட்டுக்குள் ஒரு சிறு வழக்கே நடந்தது.

கதவைச் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் வரும் காந்த ரப்பரைப் பதித்தோம். கண்ணாடியைப் பொருத்தும் சிலிக்கான் பசை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை தேவை: காயும்போது வினிகர் வாடை அடிக்கும் வகை, அசெட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது, அது மூடிய இடத்தில் உலோகத்தை அரிக்கும். வாடையற்ற நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். முடிந்த பிறகு இரண்டு சோதனைகள் செய்தோம். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தால், எல்லா இடத்திலும் அது ஒரே இறுக்கத்தோடு வரவேண்டும். பிறகு இரவில் விளக்கை அணைத்து, கண்ணாடிகளைக் கறுப்புத் துணியால் மறைத்து, கைபேசியின் டார்ச்சை உள்ளே எரியவிட்டுக் கதவை மூடினோம். வலது கதவின் கீழ்மூலையில் நூல் போல் ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. ஆட்டோ கீலின் திருகைக் கால் சுற்றுத் திருப்பியதும் அது மறைந்தது.

தாங்கிகள்

கிட்டார்கள் நிற்பது இரண்டு அடிச்சட்டங்களின் மேல். நடுவில் இடைவெளி விட்டிருப்பது, உடலின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும், தோள்வாரை மாட்டும் குமிழ் தரையில் முட்டாமல் இருப்பதற்காக. கழுத்து சாயும் மேற்சட்டத்தில் அரைவட்டப் பள்ளங்கள். கடையில் விற்கும் தாங்கிகளில் இந்த இடங்களில் ரப்பரோ ஃபோமோ இருக்கும். பாலியூரித்தேன் பூச்சுள்ள கிட்டாருக்கு அதனால் பெரிதாகக் கேடில்லை, ஆனால் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு அவற்றோடு வினைபுரிந்து இளகி, அழியாத தழும்பாகிவிடும். வீட்டில் பழைய சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். சாயம் ஈரத்தில் பூச்சின் மேல் இறங்கக்கூடும் என்பதால் அதை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, பலமுறை துவைத்து மெத்தென்றாகிவிட்ட வெள்ளை வேட்டியைக் கிழித்து நான்கு மடிப்பாகச் சுற்றினோம். அந்துருண்டையும் உள்ளே போடவில்லை. அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்குகளை இளக்கும். வசம்புத் துண்டுகள் சிறு துணி முடிச்சில் இருக்கின்றன.

ஈரமானியும் உப்பும்

வாங்கிய மூன்று சிறிய டிஜிட்டல் ஈரமானிகள், ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபடியே மூன்று எண்களைக் காட்டின. எது மெய் என்பதை அறியச் சமையலறை உப்பே போதும். சோடா பாட்டில் மூடியில் உப்பைக் கொட்டி, கரையாத அளவுக்குச் சில துளி நீர் விட்டுச் சேறு போலாக்கி, அதையும் மானியையும் வாயகன்ற ஊறுகாய் பாட்டிலில் வைத்து இறுக மூடி, ஒரு நாள் விட்டால், உள்ளே காற்று 75 விழுக்காட்டில் வந்து நிற்கும். மானி 71 காட்டினால் அதற்கு 4 கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டவேண்டியதை, கழிக்கவேண்டியதை அதனதன் முதுகில் எழுதி ஒட்டினோம்.

இந்த 75 என்ற எண்ணுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அந்த அளவைக் காற்று தாண்டும்போது உலர்ந்த உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். வாசித்த கையின் வியர்வை உப்பு தந்தியின் மேல் படிந்திருந்தால், ஐப்பசிக் காற்றில் அது உப்புநீராகி எஃகை அரிக்கும். ஆகவே துடைக்காத கிட்டார் அலமாரிக்குள் போகக்கூடாது என்பது வீட்டில் இப்போது நடப்பில் உள்ள விதி.

பயன்பாட்டில் கண்டவை

அறையில் ஈரம் 80ஐத் தாண்டிய மழை நாட்களிலும் உள்மானி 60ஐ ஒட்டியே நின்றது. மழை தொடர்ந்து பிடித்த காலத்தில் அது மெல்ல மேலேறியபோது, தடுப்புகளின் அடியில் உள்ள தட்டில் சிலிக்கா ஜெல் வைக்க வேண்டியிருந்தது; நிறம் மாறிய ஜெல்லை அடுப்புச் சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். ஏ.சி.யால் நாள்தோறும் ஏற்படும் ஏற்ற இறக்கம் உள்ளே தெரியவே இல்லை. கத்திரி வெயிலில் உள்ளே 45க்குக் கீழே இறங்கும் போக்கு இருந்ததால், நைலான் கிட்டாரின் அறையில் மட்டும் ஈரம் கூடினால் வாங்கி, குறைந்தால் வெளிவிடும், 49 விழுக்காட்டுக்கென விற்கும் இருவழி ஈரப்பதப் பைகளைத் தொங்கவிட்டோம். ஈரப் பஞ்சு வைக்கும் பழைய முறை பூஞ்சைக்கு வழி.

ஃப்ரெட் முனைகள் இந்தக் கோடையில் கையைக் கீறவில்லை. பன்னிரண்டு தந்தி கிட்டாரில், தந்திகளை மேற்பலகையோடு பிணைக்கும் பாலத்தருகே முன்பே இருந்த உப்பல் மட்டும் அப்படியே இருக்கிறது. தந்திகளின் மொத்த இழுவை அதில் மிக அதிகம் என்பதால், வாசிக்காத மாதங்களில் ஒரு முழுச் சுரம் இறக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். உப்பலைச் சரிசெய்வது கிட்டார் பழுதுபார்ப்பவரின் வேலை. பாஸும் எலெக்ட்ரிக்கும் இவ்வளவு பாதுகாப்பு இல்லாமலே பிழைத்துக்கொள்ளும். கெட்டியான உடல், முழுப் பூச்சு, அவற்றுக்கு வேண்டியது தூசியும் துருவும் அண்டாத ஓரிடமே. எட்டாவதாக ஒரு கிட்டார் வருமானால் வெளியே போக வேண்டியது பாஸ்தான் என்பதை உரிமையாளரிடம் சொல்லியாயிற்று. அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.